முகத்து வெளிச்சம்

போன வாரம் மகள் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து செல்போனில் படம் எடுத்தாள். எனக்கு முதுகுப்பக்கம் நல்ல வெயில். “முகம் கருத்துப்போகும்மா” என்றேன். “அதெல்லாம் அதுவே சரி பண்ணிக்கும்ப்பா” என்றாள். பண்ணித்தான் இருந்தது. என் சுருக்கங்களில் ஒன்றைக்கூட விடவில்லை.

வெயில் வேறெங்கோ இருந்தால் நிழலில் இருக்கும் முகம் படத்தில் கருத்துப்போகும் என்ற அந்த ஒரு விஷயம் எனக்குப் புரிவதற்குள் ஒரு மனிதரின் முகம் போய்விட்டது.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். படம் கழுவும் மருந்து வாடை விரலை விட்டுப் போகாது. ரசஞ்சாதத்திலும் அதுதான் மணக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு. பஸ்ஸில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது என்னவென்று கேட்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே போவேன். கிராமங்களில் அப்போது பலருக்கு வாழ்நாளில் ஒரே படம்தான், அதுவும் செத்த பிறகு. குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, பந்தலுக்கடியில் நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பார்கள். நாங்கள் போய் எடுத்த பிறகுதான் தூக்குவார்கள்.

திருச்சுழிப் பக்கம் வெள்ளாமை பார்த்த ஒரு சம்சாரி இறந்துபோனார். வெளியே கண் கூசும் வெயில். ஃபிலிம் பெட்டிக்குள் வரும் தாளில் நல்ல வெயிலுக்குக் கேமராவில் எவ்வளவு வெளிச்சம் விடவேண்டும் என்று போட்டிருந்ததோ அதை வைத்து இரண்டு தடவை அமுக்கினேன். பந்தலுக்குள் அவர் முகம் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். கழுவிப் பார்த்தால், நெகட்டிவில் முகம் இருக்கவேண்டிய இடம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது; அச்சடித்தால் அங்கே கறுப்புதான் வரும். நிழலுக்கு வெளியே நீட்டியிருந்த கால்கள் மட்டும் நரம்பு தெரிய விழுந்திருந்தன.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி வெகுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி எங்கய்யா?”

“காலு அவுக காலுதான்” என்று படத்தை மடியில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எந்த முகத்தைப் பார்த்தாலும், அதில் எவ்வளவு வெளிச்சம், எந்தப் பக்கமிருந்து என்றுதான் முதலில் பார்த்தேன். டீக்கடைக்காரர் முகம், பஸ்ஸில் எதிரே இருப்பவர் முகம், எல்லாம் அப்படித்தான். தொழில் பிடிபட்டுவிட்டது என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பாலவனத்தத்தில் என் அம்மா இறந்துபோனாள். “ஏலே, சின்னம்மாவ நீயே எடுத்துரு. வேற ஆளு எதுக்கு?” என்றான் பெரியப்பா மகன். பந்தலின் ஒரு பக்கத் தட்டியை அவிழ்க்கச் சொன்னேன். அவனை வெயிலில் நிறுத்தி, ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கவைத்தேன். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அம்மாவின் இடது கன்னத்தில் விழவேண்டும்.

“ஒனக்கு அழுக வரலயாலே?” என்றான்.

“ஆட்டாமப் பிடி” என்றேன்.

வரவில்லை. அப்புறமும் வரவில்லை. படம் அருமையாக விழுந்தது. “உசுரோட இருக்கிற மாதிரியே இருக்காக” என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

இப்போது நாற்காலியில் சாய்த்து எடுக்கிற வழக்கம் இல்லை, அந்த ஸ்டுடியோவும் இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்ட முகம், திட்டின முகம், எதுவும் என்னிடம் இல்லை. கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வருகிறது, கறுப்பு வெள்ளையில். அம்மாவின் மூக்குத்திக் கல் என்ன நிறம் என்று பெரியப்பா மகனிடம் கேட்டேன். சிவப்பு என்றான்.