கெட்டுப்போன பாட்டில்களின் மேசை

நாமக்கல்லுக்கு வெளியே திசு வளர்ப்பில் வாழைக்கன்று உருவாக்கும் சிறிய கம்பெனி ஒன்றில், ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. கிழங்கின் குருத்தை நறுக்கி, கண்ணாடி பாட்டிலுக்குள் ஊட்டக்கூழில் வைத்து வளர்ப்போம். ஒரு மழைக்காலத்துக்குப் பின் பாட்டில்கள் வரிசையாகக் கெட ஆரம்பித்தன. மோகனூர் விவசாயிகளுக்குச் சொன்ன தேதியில் கன்று தர முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்தார். சொந்த ஊர் குமாரபாளையம். ஏற்கெனவே மூன்று கம்பெனி மாறியவர்.

"இங்கயும் நிலைக்க மாட்டாங்க போலிருக்குதே" என்று முதலாளி இழுத்தார்.

"மூணு எடம் பாத்த கண்ணு நமக்கு வேணுங்க" என்றேன்.

வந்த முதல் வாரமே அவர் கேட்டார்: "ஏனுங்க, கெட்ட பாட்டில உடனே கொட்டிக் கழுவிடறாங்களே, யாரும் உக்காந்து பாக்கறதில்லீங்களா?"

இல்லை. யார் நறுக்கியது என்ற பேச்சு வரும் என்பதால், அவரவர் பாட்டிலை அவரவர் சத்தமில்லாமல் அப்புறப்படுத்தினார்கள்.

அவர் ஒரு மேசையைக் காலி செய்தார். கெட்ட பாட்டில்கள் திறக்கப்படாமல் அங்கே வரவேண்டும். யார் பெயரும் எழுதக் கூடாது. டீ நேரத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கூழின் மேல் பஞ்சுபோலப் பூஞ்சை படர்ந்திருந்தால், அது காற்றிலோ கையிலோ வந்தது. செடியின் அடியில் பால்போலக் கசிந்திருந்தால், கிழங்குக்குள்ளேயே கிருமி இருந்தது. முக்கால்வாசி இரண்டாவது வகை. மழைநீர் தேங்கிய தோட்டத்துக் கிழங்குகள் அவை. மேட்டு நிலத்துத் தோட்டத்துக்கு மாறினோம். அடுத்த நடவுக்குக் கன்றுகள் நேரத்துக்குப் போயின. புது ஆர்டர்களும் வந்தன.

பிறகு ஓசூரில் நல்ல வேலை கிடைத்து அவர் கிளம்பினார். முதலாளி கொதித்தார். "நம்ம வித்தையெல்லாம் அங்க போயிருமே!"

"நம்ம ஆர்டரும் வெலையும் வெளிய சொல்ல மாட்டாங்க. கெட்டதயும் உக்காந்து பாக்கற பழக்கம் மட்டும் கூடப் போகுமுங்க. அது அவங்க பழைய கம்பெனில கத்துட்டு வந்து நமக்குக் குடுத்ததுதானுங்களே?" என்றேன்.

விடைகொடுக்கும் நாளில் முதலாளியே கேக் வாங்கி வந்தார். "எப்ப வேணும்னாலும் திரும்பி வாங்க சாமி" என்றார்.

அடுத்து, கோழித் தடுப்பூசி தயாரிக்கும் ஆலையிலிருந்து ஒருவரை எடுத்தோம். நேர்காணலில் முதலாளி முந்திக்கொண்டார்.

"ரூம்பைச் சுத்தமா வெக்க நீங்க அங்க என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்."