டீச்சருக்கு வறுத்த புளியங்கொட்டை

பிரிஸ்கில்லாவுக்கு ஆகாத ஆள் ஊரில் ஒருத்திதான்: அங்கன்வாடி டீச்சர் பாண்டிசெல்வி. அவள் என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. எரிச்சலே அதுதான்.

பிரிஸ்கில்லா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து ராஜபாளையம் மில்லுக்குப் போகிறவள். ஷிப்டு முழுக்க அறுந்த நூலை ஒட்டிவிட்டு, தலையில் பஞ்சோடு வீடு வந்து, நாலு வயது மகன் சாம்சனை மடியில் இழுத்துப்போட்டுப் பென்சிலைக் கொடுப்பாள். அவன் கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்து நோட்டைக் குத்துவான். முனை உடையும். "எழுதுலே, தங்கம்" என்று கையைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடுவான்.

டீச்சரிடம் நோட்டும் கிடையாது, பென்சிலும் கிடையாது. புளியங்கொட்டையைக் குவித்து ஊதச் சொல்வாள். சிதறியதில் பக்கத்துக் கொட்டை அசையாமல் ஒவ்வொன்றாக இரண்டு விரலால் எடுக்க வேண்டும். எடுத்ததைத் தரையில் சாக்பீஸால் போட்ட எழுத்தின்மேல் வரிசையாக வைக்க வேண்டும். சாம்சனுக்கு வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுத்தான்.

"டீச்சர் ஊதுனா எம்புட்டு தூரம் போகும் தெரியுமா? டீச்சர்ட்ட பூ வாசம் அடிக்கும்."

"அப்ப நான் நாறுதேனா?"

சாம்சன் மோந்து பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னான். "மெஷின் எண்ணெ வாசம்மா."

அன்று சாயங்காலமே பிரிஸ்கில்லா அடுப்பில் சட்டியை வைத்துப் புளியங்கொட்டையை வறுத்தாள். தோலைத் தட்டி நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். அதைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கு வாய் சும்மா இருக்கும்? டீச்சரின் எழுத்தெல்லாம் வயிற்றுக்குள் போகட்டும். அதுதான் திட்டம்.

"என்னட்டி, டீச்சருக்குப் பலகாரமா?" என்றான் புருஷன் பிரேம்குமார்.

"ஆமா, அவ மேல பிரியம் பொங்கி வழியுது. காலையில பிள்ளைய விடுறப்ப, விளையாட்டுக்குன்னு சொல்லிக் குடுத்துருங்க."

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கன்வாடிக்கு வந்தாள். டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா! பிள்ளைக அம்புட்டையும் தின்னுட்டுதுக."

பிரிஸ்கில்லாவுக்கு மனசு குளிர்ந்தது.

"நாளைக்கும் வறுத்துத் தாங்கக்கா. எழுத்த வச்சு முடிச்சாத்தான் திங்கணும்னேன். உக்காரவே மாட்டேன்னு ஓடுத பயலுவகூட திரும்பத் திரும்ப வைக்கானுவ!"

குளிர்ந்த மனசு கொதித்தது. போயும் போயும் இவளுக்கா அடுப்படியில் வெந்தோம்?

"ஒங்க மகன்தான் ஒண்ணுகூடத் திங்கல. தரையக் கூட்டவும் விடமாட்டேங்கான். வந்து பாருங்க."

மூலையில் சாம்சன் உட்கார்ந்திருந்தான். முன்னால் கொட்டைகளால் கோணலாக ஒரு 'ட'. கிட்டே வந்த பிள்ளைகளைக் கோழி விரட்டுவதுபோல் விரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஏன் திங்கல?"

"நீ இன்னும் பாக்கலல்லா."

பார்த்தாள். செத்த நேரம் பார்த்தாள். கண் கலங்கப் பார்த்தது. அதை டீச்சர் கண்டுவிடக் கூடாதே என்று சட்டெனக் குனிந்து ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

"யம்மா! எழுத்து போச்சு!" அலறினான். "இரு, மறுபடி வைக்கேன். தின்னுறாத, என்ன?"

அந்தச் சின்ன விரல்கள் இரண்டும் இன்னொரு கொட்டையை, பென்சிலைப் பிடிப்பதுபோல் பதமாகப் பிடித்து எடுத்தன.

"அழகா வைக்கான்லா?" என்று டீச்சர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிரிஸ்கில்லா டீச்சருக்குத் தெரியாதபடி முதுகைத் திருப்பி, மகனை மறைத்து உட்கார்ந்துகொண்டாள்.