பூனை தொடாத ஈரல்

கரியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவளோடு கை குலுக்கினால் கை கறுத்துவிடும் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். குலுக்கவே வேண்டாம், அவள் தொட்ட கதவுப்பிடியைத் தொட்டாலே போதும்.

குளிர்கிடங்கில் அவளுக்கு வேலை. நாய்க்கும் பூனைக்கும் தீனி செய்து டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையின் கிடங்கு அது. ஈரல், நுரையீரல், கறி வெட்டும்போது ஒதுக்கிய துண்டுகள் எல்லாம் கப்பலில் பாளம் பாளமாக உறைந்து வந்து இறங்கும். தவறிக்கூட இது மனிதர் வாய்க்குப் போய்விடக் கூடாது என்பது சட்டம். அதற்காக ஒவ்வொரு பாளத்தின் மேலும் கரிக்குழம்பால் மூலைக்கு மூலை பெரிய பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். வழியில் அழிந்த குறியைத் திரும்பப் போடுகிறவள் கரியக்கா. ஒரு தடவை குளிரறைக் கதவில் நசுங்கி அவள் கட்டைவிரல் கோணிப்போயிருந்தது. அதனால் அவள் இழுக்கிற கோடெல்லாம் கடைசியில் தூண்டில் முள் போல வளைந்து நிற்கும்.

குறி மட்டும் இருந்தால் சரக்கு உள்ளே வந்துவிடுமா? அங்கேதான் சீல் டாக்டர் நிற்பார். சரக்குக்கு முத்திரை குத்தி உள்ளே விடுகிற துறைமுகத்துக் கால்நடை மருத்துவர். சொந்தப் பெண்டாட்டியைக்கூட ஆதாரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார் என்று சுமைகாரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சரக்கோடு வரும் சான்றிதழில், அனுப்பிய நாட்டு மருத்துவரின் கையெழுத்து அச்சு மையின் நிறத்தில் இருக்கக் கூடாது. அச்சும் கறுப்பு, கையெழுத்தும் கறுப்பு என்றால் தீர்ந்தது கதை. கண்டெய்னர் நிறைய வந்த ஈரல், கண்ணாடி போல இருந்தாலும், எரிஉலைக்குப் போக வேண்டியதுதான். அதற்கும் அவள்தான் குறி போட்டு அனுப்புவாள். நல்ல பொருள் நெருப்புக்குப் போகிறதே என்று அவள் வயிறும் சேர்ந்து எரியும்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி. பெற்றவர்கள் போனபோது அவன் இடுப்பில் தூக்குகிற பிள்ளை. அவனைக் கரையேற்றிவிட்டு நம்மைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவள், பார்க்க நேரமே கிடைக்காமல் நரைத்துப்போனாள். அவன் வாயிலிருந்து கட்டைவிரலை எடுக்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மருந்துக்கடைக் கசப்பு மருந்தைத் தடவிவிடுவாள். பயல் முதலில் கசப்பை நக்கித் துப்பிவிட்டு, அப்புறம் நிம்மதியாக விரலைச் சப்புவான். கேட்டால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உத்தமன் போல நிற்பான்.

வளர்ந்த பிறகு எந்த வேலையிலும் அவன் ஒட்டவில்லை. கடைசியில் இவள்தான் மேனேஜரிடம் போய் நின்றாள்.

"என் தம்பிங்க. என் கை மாதிரி நம்பலாம்."

மேனேஜர் அவள் கையைப் பார்த்தார். "இந்தக் கை மாதிரியா?" என்று சிரித்தார். ஆனாலும் கழித்த சரக்கை எரிஉலைக்குக் கொண்டுபோகும் லாரியைக் கொடுத்தார்.

அதன் பிறகு தம்பி வீட்டில் லட்சுமி குடிவந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி சாப்பாட்டுக்கடை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, வறுத்த ஈரலைத் தட்டு நிறையப் போட்டாள். கரியக்கா ஒரு துண்டை எடுத்தாள். அதன் ஓரத்தில் மயிர் போல ஒரு கறுப்புக் கோடு. கோட்டின் முனையில் தூண்டில் முள்.

தட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

"டேய், இது எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"கடையிலேர்ந்துதான்."

"எந்தக் கடையிலடா என் கோணக் கட்டைவிரலை விக்கிறாங்க?"

தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். "கத்தாதக்கா. இந்த ஈரலுக்கு என்ன குறை, நீயே சொல்லு. எவனோ தப்பான பேனால கையெழுத்துப் போட்டுட்டான். மை தப்பா இருந்தா கறி கெட்டுப்போயிடுமா?"

கரியக்கா மனசுக்குள் கேட்டுக் கேட்டு விழுங்கிய கேள்வி அது. சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கை கழுவினாளா இல்லையா என்று பார்த்தால் யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

அடுத்து வந்தது வேறு மாதிரி சரக்கு. நடுக்கடலில் கண்டெய்னரின் குளிர்ப்பெட்டி நின்றுபோயிருந்தது. உருகி, நாறி, மறுபடி உறைந்து வந்த ஈரல். கதவைத் திறந்ததும் கடற்காகங்களே வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. சீல் டாக்டர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உலைப்பக்கம் கையைக் காட்டினார்.

கரியக்கா தம்பியைத் தனியே இழுத்தாள். "இது மை தப்பு இல்லடா. அழுகினது. மனுஷன் தின்னா தாங்காது. நேரா உலைக்குப் போ."

"சரிக்கா. போறேன்கா."

சொல்லும்போது அவன் கை முதுகுக்குப் பின்னால் போனது. அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேனேஜர் அறை வரைக்கும் போனாள். கதவுப்பிடியைப் பிடித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அழுகல் யார் தட்டுக்கும் போகாது. அதே வார்த்தை அவள் தூக்கி வளர்த்த பிள்ளையின் கையில் விலங்கு மாட்டும். அவன் பிள்ளைகள் அத்தையை எந்த முகத்தோடு பார்க்கும்? பிடியை விட்டுவிட்டாள். அவள் வந்துபோனதற்கு அடையாளமாகப் பிடியில் கரி மட்டும் இருந்தது.

அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போனாள்.

"விரல் சப்புற பிள்ளைக்குத் தடவுற கசப்பு மருந்து வேணும். இருக்கிறது அத்தனையும் குடுங்க."

"பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

"முப்பத்தஞ்சு."

எல்லாப் புட்டியையும் தனி வாளியில் கரிக்குழம்போடு கலந்து, அழுகின பாளங்கள் லாரியில் ஏறுமுன் அவற்றில் இண்டு இடுக்கு விடாமல் பூசினாள். சுரண்டிப் பார்க்கட்டும், கழுவிப் பார்க்கட்டும். முதல் வாய் வைக்கிறவனே தட்டைத் தூக்கித் தம்பி மூஞ்சியில் எறிவான். கடையும் மூடும், தம்பியும் உள்ளே போக மாட்டான் என்று கணக்குப் போட்டாள். பிறகு நல்ல சரக்குக்குக் குறி போட வேறு வாளி எடுத்தாள். வாளியை மாற்றத் தெரிந்தவளுக்குப் பிரஷை மாற்றத் தோன்றவில்லை.

தொழிற்சாலையில் ருசி பார்ப்பதற்கென்றே பூனைகள் உண்டு. அவற்றில் மூத்த பூனையை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். புதுத் தீனியை ஜட்ஜ் முகர்ந்தது, ஒரு நக்கு நக்கியது, தட்டின் மேல் மண்ணைத் தள்ளி மூடுவது போல வெறுந்தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. மற்ற பூனைகள் கிட்டவே வரவில்லை. தொழிற்சாலை நின்றது. மேலிடத்து ஆட்கள் டப்பாவிலிருந்து பாளத்துக்கும், பாளத்திலிருந்து பிரஷுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

"கரிக்குழம்பு மட்டும்தான் பூசணும்னு சட்டத்துல இருக்கு. உன்னை யாரு மருந்து கலக்கச் சொன்னது?" என்று மேனேஜர் கத்தினார். "எதுக்குக் கலந்தே? வாயைத் திற!"

வாயைத் திறந்தால் தம்பி பேர்தான் வரும். திறக்கவில்லை. பூனைக்குக் கசப்பு ஊட்டிய குற்றத்துக்காக அன்றைக்கே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

போகட்டும், கடையாவது மூடியிருக்கும் என்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். உட்கார இடம் இல்லை. வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றுகொண்டே தின்றார்கள்.

"வாக்கா," என்றான் தம்பி. "வாயில வச்சதுமே உன் கைவேலைன்னு புரிஞ்சுடுச்சு. சின்னப் பிள்ளையில தின்ன மருந்தாச்சே, மறக்குமா? மிளகைக் கூடக் கொட்டினேன், கொஞ்சம் சர்க்கரை போட்டேன். லேசா கசக்குது, குடலுக்கு நல்லதுன்னு ஜனம் கேட்டு வாங்குது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் தண்ணீரைத் திட்டினார்கள்.

தம்பி பெண்டாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "வேலை போயிடுச்சாமே அண்ணி? பேசாம இங்க வந்துடுங்க. கரி சுரண்டத்தான் ஆள் பத்தல. எது எங்க ஒளிஞ்சிருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

கரியக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நடுக்கடையில் நின்று, மேனேஜர் முன்னால் அடக்கி வைத்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"ஐயா, திங்காதீங்க! இது நாய்க்கும் பூனைக்கும்னு கப்பல்ல வந்த ஈரல்! அதுங்களுக்கே ஆகாதுன்னு எரிக்கச் சொன்னது! பாருங்க, நான்தான் குறி போட்டேன்!" இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

தம்பியின் கை முதுகுக்குப் பின்னால் போனது. அப்போது ஓரத்து மேசையிலிருந்த ஒரு பருத்த மனிதர் விரலை நக்கிக்கொண்டு கேட்டார்.

"கப்பல்ல வந்ததா? வெளிநாட்டு ஈரலா?"

"ஆமாங்க!"

"அதான பார்த்தேன். உள்ளூர்ச் சரக்குல இந்த ருசி வராதே. தம்பி, இங்க இன்னொரு தட்டு வை!"

கடையே சிரித்தது. எல்லோரையும் விடப் பலமாகத் தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே அக்காவின் தோளைப் பிடித்து, நாசூக்காக வாசல் பக்கம் திருப்பி விட்டான்.

சிரித்த சிரிப்பில் யாரோ ஒருவர் தட்டிலிருந்து ஒரு துண்டு தரையில் விழுந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல மெலிந்த ஒரு தெருப்பூனை மேசைக்கு அடியிலிருந்து ஓடி வந்தது. முகர்ந்தது. ஒரு நக்கு நக்கியது. தலையை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தது.

கரியக்கா அதன் பின்னாலேயே வெளியே போனாள்.