இடது கைகளைக் கேட்டவர்

"மீரான் சாஹேப் கேலே" என்று மராத்தியில் சொல்லிவிட்டு எங்கள் பள்ளிப் பியூன் தொப்பியைக் கழற்றினார். போய்விட்டார் என்று அர்த்தம். முதல் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மாற்றலாகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தவள், அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தமிழ்ப் பள்ளிகளில் ஆய்வாளராக வந்த அவருக்குப் பயந்திருந்த நம் எல்லோருக்கும் அந்த மனிதரைத் தெரியும். என் பங்குக்கு நான் ஒன்று சொல்கிறேன்.

அறுபத்துமூன்றாம் வருஷம் நான் தாராவியில் தற்காலிக ஆசிரியை. வீட்டுக்காரருக்கு மில் வேலை போயிருந்த சமயம். மீரான் சார் நல்லபடியாக அறிக்கை எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆய்வு நாளுக்கென்று நம்மிடம் ஒரு வித்தை இருந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கேள்வி கேட்டதும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கையாகப் பார்த்துக் கேட்டால் வகுப்பே மேதாவிகள்! நானும் இரண்டு நாள் பழக்கி வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாடம் பின்னம். கரும்பலகையில் 1/2, 1/4 என்று எழுதி, அரை பெரியதா, கால் பெரியதா என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் ஒரு வலது கையைத் தேடுவதற்குள் பின் பெஞ்சிலிருந்து அவருடைய திருநெல்வேலிக் குரல் வந்தது.

"எடக்கை தூக்குன பிள்ளைகள்லாம் எந்திரிங்க, பாப்போம்."

பதினெட்டுப் பேர் எழுந்தார்கள். அவர் பதிலைக் கேட்கவில்லை. "எந்த எடத்துல வெளங்காமப் போச்சு?" என்றார். செல்லம்மா என்ற சிறுமி கரும்பலகையைக் காட்டினாள்.

"ரெண்டைவிட நாலு பெரிசுல்லா சார்? பொறவு கீழ நாலு போட்டது எப்படிச் சின்னதாச்சு?"

"பலே!" என்று தொடையைத் தட்டினார் மீரான் சார். பிறகு என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளை ஏன் இப்படி யோசிச்சுதுன்னு எழுதி வைங்க டீச்சர். வெள்ளிக்கிழமை வாரேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வெள்ளிக்கிழமை படித்துப் பார்த்துவிட்டு, "இது மன்னிப்புக் கடுதாசில்லா? நான் கேட்டது உங்க யோசனையை" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்ததே கோபம்! வேலையைப் பிடுங்குவதென்றால் பிடுங்கட்டும், இந்த வயதில் எனக்கு வீட்டுப்பாடமா? வீடு திரும்பச் சயானில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறும்போதும் பொருமிக்கொண்டேதான் இருந்தேன். செம்பூர் வருவதற்குள் புரிந்துவிட்டது. செல்லம்மா எண்ணைப் பார்த்திருக்கிறாள், பங்கைப் பார்க்கவில்லை. நான் காட்டியதும் வெறும் எண்ணைத்தான்.

மறுநாள் இரண்டு பாவ் ரொட்டி வாங்கிப் போனேன். ஒன்றை இரண்டு பேருக்கும் மற்றதை நாலு பேருக்கும் பிய்த்துக் கொடுத்தேன். நாலு பேரில் ஒருத்தியான செல்லம்மா தன் துண்டைப் பார்த்து, "இது அநியாயம் டீச்சர்" என்றாள். அதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அறிக்கையை எனக்குப் படித்தே காட்டினார். யாருக்கு எது தெரியாது என்பது இந்த ஆசிரியைக்குப் பெயர் பெயராகத் தெரியும், ஏன் தெரியவில்லை என்று இப்போது யோசிக்கிறார், நிரந்தரமாக்கலாம் என்று எழுதியிருந்தார். "பதினெட்டுப் பேரை முன்னமேயே பிரிச்சு வச்சிருந்தீங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சுது. அதைப் போயி எங்கிட்ட ஒளிச்சீங்களே, அதுக்குத்தான் கோவம்" என்றார். நான் அவர் எதிரிலேயே அழுதேன். அதிலிருந்து என் வகுப்பில் தெரியாதவர்கள் ஒளிக்காமல் இடது கை தூக்குவதே வழக்கமாயிற்று.

மாதுங்காக் கூட்டம் ஒன்றில் செம்பூர் ஆசிரியர் ஒருவர், வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டார். மீரான் சார் தம் இடது கையைத் தூக்கினார். எல்லோரும் சிரித்தோம். யாராவது தம் அனுபவத்தைச் சொல்லட்டும் என்று கையை இறக்காமலே நின்றார்.

பியூன் வந்து சொன்ன அன்று காலை வகுப்பில் சேதியைச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "புது சார் வந்தா எந்தக் கையைத் தூக்கணும் டீச்சர்?" என்று கேட்டாள். வருகிறவர் எப்படிப்பட்டவரோ, எனக்குத் தெரியாது. ஆனால் பயமில்லை. மீரான் சார் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

"தெரியலைன்னா எடக்கை" என்றேன். "யாரு வந்தாலும். நல்லா ஒசத்தித் தூக்கணும்."