பார்க்காமலே சொன்ன மஞ்சள் அரளி

அந்த நர்சரிக்காரரைத் தெருவில் எல்லோரும் 'சட்டுப்புட்டு' என்றுதான் சொல்வார்கள். நடை என்னவோ ஆமை நடைதான். வாய்தான் சட்டுப்புட்டு. "வெள்ளையா, குட்டியா, சாயங்காலமானா வாசனை..." என்று வந்தவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே செடியின் பெயரைச் சொல்லி, தொட்டியையும் எடுத்து நீட்டிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் அவரைக் கெடுத்தது.

மஞ்சள் பூவுக்கு மட்டும் அவரே ஒரு விதி வைத்திருந்தார். மஞ்சள் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அவசரப்படக் கூடாது, உலகத்தில் பாதிப் பூ மஞ்சள்தான். இலை எப்படி, காம்பை ஒடித்தால் பால் வருகிறதா, காய் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர்களிடம் இதைக் காது புளிக்கும் அளவுக்குச் சொல்லியிருக்கிறார்.

அன்று கடையில் நல்ல கூட்டம். அக்காவிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் சேறு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, வாசல்ல மருமக ஒரு செடி வச்சாளே, அது இப்ப மஞ்சமஞ்சேர்னு பூத்துக் கொட்டுது. பூ புனல் மாதிரி இருக்கு. பேரன் தவழ்ந்து போயி கீழ விழுறதைப் பொறுக்கி வாயில வைக்கிறான். என்ன பூடா அது?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"மஞ்சள் அரளிக்கா. விஷம். மொதல்ல வெட்டிப் போடு."

அக்காவுக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது. "மாமா, இலை ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கு, காய்கூட நீளமா..."

"யாரது குறுக்க பேசுறது? அக்கா, நான்தான் சொல்றேன்ல, வெட்டு!"

"பாக்காமலே சொல்லிட்டாரே!" என்று ஓர் அம்மாள் வியந்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் அந்த ரம்பம் உறுத்தியது. அரளி இலைக்கு ஏது ரம்பம்? திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் வியந்த அம்மாள் இன்னும் அங்கேயே நின்று உரம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு செடிதானே, போனால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் வெறும் கட்டைதான் நின்றது. வெட்டிய கிளைகள் சுவரோரம் காய்ந்து கிடந்தன. குனிந்து ஒரு இலையை எடுத்தார். ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. கிளைகளில் காய்கள் பீன்ஸ் போல நீளநீளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டையில் துளிர்த்திருந்த பச்சைக் காம்பை ஒடித்துப் பார்த்தார். பொட்டுப் பால் இல்லை. டெக்கோமா! அவர் கடை வாசலிலேயே வரிசையாக அடுக்கி வைத்து விற்கும் செடி. அரளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

செடியோடு போயிருந்தால் இன்னொன்று கொண்டுவந்து நட்டுவிடலாம். உள்ளே அக்கா பேரனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல வேளை, நீ சொன்னே. அவ அம்மா வீட்டுலேருந்து ஆசையா கொண்டாந்து வச்சாளாம். தெரிஞ்சு வச்சாளோ, தெரியாம வச்சாளோ, யாரு கண்டா? இப்பல்லாம் புள்ளைய அவகிட்டத் தனியா விடுறதே இல்ல. என் மகனும் அவகிட்ட முகங்கொடுத்துப் பேசுறதில்ல."

மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அக்கா அதை மெல்ல மடக்கி வைத்தாள்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனால் ஒருவருக்கும் தெரியாது. வெட்டிய கட்டை வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. தம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார்.

"அக்கா, அது அரளி இல்ல. விஷமும் இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீதானடா அடிச்சுச் சொன்னே?"

"சொன்னேன். கேக்க வேண்டியதைக் கேக்காம சொன்னேன். ஆளுங்க முன்னாடி பெருமைக்குச் சொன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

 பேரனை இறுக்கியிருந்த கையை அக்கா தளர்த்தினாள். மருமகள் வந்து குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் பின்னால நின்னு இலையைப் பத்திச் சொன்னேனே மாமா. உங்களுக்குக் கேக்கலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. கூட்டத்தில் காதில் விழுந்திருக்காது என்றே அவள் நம்பியிருந்தாள் போலிருந்தது. கேட்கவில்லை என்று தலையாட்டினால் போதும், அத்தோடு முடிந்துவிடும்.

அவர் தரையைப் பார்த்தார்.

"கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு."