கதவுக்குப் பின்னால் ஒரு நீலக் கோட்

மார்வாவைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அந்தப் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெக்ஸ்போர்டில் எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் அவ எனக்கு எதிர்வீடு. ஜமேக்காவில் பிறந்தவ. பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடமாக வேலை. மகள் கியானாவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு சிக்கிள் செல் என்ற இரத்த வருத்தம், பரம்பரை நோய். கறுப்பினத்தவருக்குத்தான் அது கூடுதலாக வருகிறதாம். குளிர் பட்டாலே போதும், எலும்புக்குள் நோ கிளம்பிவிடும், தாங்க முடியாத வலி.

கதவுக்குப் பின்னால் கியானாவின் நீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் அயன் பண்ணி எப்போதும் தொங்கும். நோ வந்து பிள்ளை முனகும்போது, மார்வா அவளுக்குத் தலை வாரி, தோடு போட்டு, கோட்டின் பொத்தான்களைப் பூட்டித்தான் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோவா. "கலியாண வீட்டுக்கோ போறீங்கள்?" என்று ஒருமுறை பகிடி விட்டேன். அவ மகளைத் தாங்கியபடி லிஃப்டுக்குப் போய்விட்டா.

போன ஜனவரியில் கட்டடத்து ஹீற்றர் பழுதாகி மூன்று நாள் விறைத்தோம். முறைப்பாடு சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் காலை கியானா என் கதவைத் தட்டினாள். மார்வா வேலையில். பிள்ளையால் நிற்க முடியவில்லை.

"அன்ரி, என்ர கோட்..."

"கோட்டும் மண்ணாங்கட்டியும்! உயிர் போற நேரத்தில கோட் என்னத்துக்கு? வா பிள்ளை!"

பைஜாமாவுக்கு மேல் என் பழைய ஜாக்கெட்டைப் போர்த்தி, டாக்ஸியில் ஏற்றினேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தாதி அவளை மேலும் கீழும் பார்த்தா. தனக்கு வேண்டிய நோ மருந்தின் பெயரையும் அளவையும் கியானா சரியாகச் சொன்னாள்.

"மருந்தின்ர பேரெல்லாம் நல்லாத் தெரியுது. உதில போய் இரும்."

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். கால் சுளுக்கியவர் கூட எங்களுக்கு முன்னால் உள்ளே போனார். போதைக்கு அலைகிறவள் என்று பிள்ளையை நினைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினேன். காவலாளி வந்து பக்கத்தில் நின்றான்.

பிறகு செய்தி கேட்டு மார்வா வந்தா. வேலையிடத்து லொக்கரில் தனக்கும் ஒரு கோட் வைத்திருந்தாவாம். உதட்டுச் சாயம், கையில் ஃபைல். குரலை உயர்த்தாமல் வணக்கம் சொல்லி, வைத்தியரின் கடிதத்தை மேசையில் வைத்தா. பதினைந்து நிமிடத்தில் பிள்ளைக்கு மருந்து ஏறியது. நானாக இருந்தால் அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு பலம் வேண்டும்!

மன்னிப்புக் கேட்டேன்.

"உன்னில பிழையில்லை, சந்திரா. வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனாச் சரி எண்டு நீ நினைச்சாய். எங்கட பிள்ளையள் தாங்கள் வருத்தக்காரர் எண்டு முதல்ல நம்ப வைக்கவேணும்."

ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மா சொல்லித் திரிந்தவள் நான். மார்வாவின் வீட்டில் அது மருந்துப் பெட்டி.

இப்போது அவர்கள் வீட்டுத் திறப்பு ஒன்று என் சாவிக்கொத்திலும் இருக்கிறது. ஏப்ரலில் மார்வா வேலையில் நின்ற நேரம் மறுபடி நோ வந்தது. தலை வாரினேன். தோடு போட்டேன். கோட்டில் ஐந்து பொத்தான். பிள்ளை நோ தாங்காமல் என் தோளைக் கடித்தாள். அழுதுகொண்டே ஐந்தையும் பூட்டினேன்.