வாசற்காவலனுக்காக வாதாடிய கிளமென்ற்

கிளமென்ற் இறந்த செய்தி வந்தபோது நான் வங்காலையில் ஒரு காணியின் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி ரெஜினாதான் அழைத்தார். "அண்ணா, அவர் போயிட்டார். விடியக் கோப்பியோட போய் எழுப்பினனான், எழும்பேல்லை. நித்திரையிலயே போயிருக்கிறார்." நோகாமல் போனாரா என்பதைத்தான் நான் கேட்டேன். "ஓம், முகம் நல்லா இருக்கு" என்றார். அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு வரம்பில் உட்கார்ந்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் தூரத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிய மனிதர், தன் ஊரான தாழ்வுபாட்டில், தன் வீட்டுக் கட்டிலில் போய்ச் சேர்ந்திருக்கிறார். எங்கள் தலைமுறையில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது என்று, இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களில் பலருக்கு அவர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். எனக்கு அவர் பழக்கமானது மன்னார் நகரத்தில், சலீமின் கைத்தொலைபேசி திருத்தும் கடையில். சலீம் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து கடை போட்ட புதிது. நான் வன்னியிலிருந்து தடுப்பு முகாம் வழியாக வந்து, காணிக் கந்தோரில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கிளமென்ற் பதினொரு வயதில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், கால் நூற்றாண்டை மண்டபம் அகதி முகாமில் கழித்துவிட்டு, ஒரு பழைய மடிக்கணினியோடு ஊர் திரும்பியிருந்தார்.

அந்தக் கணினியில் ஒரு விளையாட்டு இருந்தது. மந்திரமும் வாளும் நிறைந்த ஓர் உலகம். அங்கே எல்ஃப் என்றொரு இனம். நீண்ட காது, ஆயிரம் வருட ஆயுள். இரும்பரசன் அவர்களுடைய நகரத்தை முற்றுகையிடும்போது அவர்கள் மூன்றாகப் பிரிகிறார்கள். காட்டு வம்சம் கடைசிவரை சண்டை பிடிக்கிறது. உப்புக்காற்று வம்சம் கப்பலேறிப் போகிறது. சாம்பல் வம்சத்து வாசற்காவலன் ஒருவன் நகரத்தின் கதவை எதிரிக்குத் திறந்துவிடுகிறான். தமிழ்ப் பெயர்கள் கிளமென்ற் வைத்தவை. விளையாடும்போது பாழ்மண்டபங்களிலும் கிணறுகளிலும் பழைய கடிதங்கள் கிடைக்கும். யார் யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்பதை அவற்றிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து கிளமென்ற் வந்ததும் நாங்கள் மூவரும் கூடி வாதாடுவோம்.

நான் காட்டு வம்சம். கிளமென்ற் வாசற்காவலனின் பக்கம். "உள்ளுக்க சனம் பட்டினி. அவன் திறக்காட்டி ஆர் மிஞ்சியிருப்பினம்?" என்பார். சலீமுக்கு அப்படி ஒரு கொள்கையும் இல்லை. "ஆரிட்ட நல்ல வாள் இருக்கோ, நான் அவன்ர பக்கம்" என்பார்.

ஒருநாள் கடையில் மின்சாரம் நின்றதால் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். வாதம் சூடானதில் நான் குரலை உயர்த்திவிட்டேன். "வடக்குக் காட்டில இருந்த குழு ஆயுதத்தை ஒப்படைச்சது பிழை" என்றேன். பக்கத்து மேசையில் சிவில் உடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். "எந்தக் குழு? யாருக்கு ஒப்படைச்சது?" என்று சிங்களச் சாயலுள்ள தமிழில் கேட்டார். அப்படிப்பட்ட கேள்விகளோடு தடுப்பு முகாமில் நாட்கணக்கில் இருந்தவன் நான். கிளமென்ற் அவசரமில்லாமல் கணினியைத் திறந்தார்.

"இருங்கோ சேர், காட்டுறன். இவையள்தான்."

திரையில் நீண்ட காதுகளோடு ஒருவன் நின்றான். அந்த மனிதர் நெடுநேரம் பார்த்தார்.

"இது எப்ப நடந்தது?"

"அறுநூறு வருசத்துக்கு முன்னம், சேர். இந்த விளையாட்டுக்குள்ள."

"அப்ப யார் சரி?"

"அதைத்தான் சேர் நாங்கள் ஆறு மாசமாத் தேடுறம்."

அவர் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார். பிறகு சலீம் சிரிக்கத் தொடங்கினார். யுத்தம் முடிந்தபின் வயிறு நோகும்வரை நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த நட்பை நானே உடைக்கப் பார்த்தேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, வாதத்தில் தோற்றுக்கொண்டிருந்த எரிச்சலில், "அந்த வாசற்காவலன் ஒரு துரோகி. அதுக்கு மேல கதையில்லை" என்றேன். கிளமென்ற் கணினியை மூடினார். கோபம் வந்தால் அவருக்கு மண்டபத்துத் தமிழ்தான் வரும். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க, சிவா." நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கப்பலேறிப் போன ஆக்களுக்கு, உள்ளுக்க கிடந்து செத்த ஆக்களைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன். சொல்லி முடித்த அந்த நிமிடமே, நான் பேசியது எல்ஃபுகளைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது. "சரி, வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் வரவில்லை.

காரணத்தைச் சலீம்தான் சொன்னார். கிளமென்றின் தகப்பனார் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். ஒருநாள் காலை அவருடைய பெயரையும் அந்த ஒற்றைச் சொல்லையும் எழுதிய தாள் ஒன்று விளக்குக் கம்பத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கிழமையே குடும்பம் வள்ளமேறியது. மண்டபம் முகாமில் சாகும்வரை அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தாழ்வுபாட்டுக்குப் போனேன். ரெஜினா கதிரை கொண்டுவந்து, "இருங்கோ அண்ணா" என்றார். நான் வாய் திறக்குமுன் கிளமென்ற், "நல்ல நேரம் வந்தனீங்கள். ஒரு கடிதம் கிடைச்சிருக்கு" என்று கணினியைத் திருப்பினார். வற்றிய கிணற்றடியில் எடுத்ததாம். வாசற்காவலன் எழுதியது. கதவைத் திறந்ததற்காக இரும்பரசனிடம் அவன் ஒரு தோட்டக்காணி வாங்கியிருந்தான். இத்தனை மாதமாக கிளமென்ற் கட்டிய வாதம் முழுவதும் அந்தக் கடிதத்தில் இடிந்துபோயிற்று.

"இதை ஏன் எனக்குக் காட்டுறீங்கள்?" என்று கேட்டேன்.

"மறைக்கிறதெண்டா நான் ஏன் தேடினனான்?"

அவரே தொடர்ந்தார். "அப்பா என்ன செய்தவர், என்ன செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியாது, சிவா. அந்தத் தாளில ஒரு சொல்லுத்தான் இருந்தது. காரணம் எழுதேல்லை. இந்த விளையாட்டிலயாவது முழுக் கதையும் கிடைக்குமெண்டு பாத்தனான்."

நான் அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை அப்பவே விட்டிட்டன். உங்கட தம்பி வன்னிக்கு உள்ளுக்க செத்ததைச் சலீம் சொன்னவர். எனக்கும் வர வெக்கமா இருந்தது, அதுதான் வரேல்லை" என்றார். பிறகு நான் கேட்டேன். "காணி வாங்கினவன் எண்டதுக்காக, சனத்தைக் காப்பாத்தேல்லை எண்டு ஆகுமோ?" கிளமென்ற் நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடி லேசா விடேலாது" என்று அவனுக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். குசினிக்குள் இருந்து ரெஜினா சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது, காய்கிற கருவாட்டு வாசத்துக்குள் சைக்கிள் மிதித்தது எனக்குப் பாரமில்லாமல் இருந்தது. நான்கு மாதம் நாற்பது வருடமாகியிருக்கக்கூடும். ஆகவில்லை.

சிறுநீரக வருத்தம் முற்றிய காலத்தில் நாங்கள்தான் அவரிடம் போனோம். ஒருநாள் கட்டிலில் கிடந்தபடி சொன்னார். "எல்ஃபுக்கு ஆயிரம் வருச ஆயுள். அதுதான் கோவத்தையும் அவ்வளவு காலம் வைச்சிருக்குதுகள். எங்களுக்கு நேரம் காணாது." அது அவரோடு நாங்கள் இருந்த கடைசி ஞாயிறு. வழக்கம்போல வாதாடி, வழக்கம்போல முடிவில்லாமல் எழுந்து வந்தோம். எங்களுக்குள் சொல்லாமல் மிஞ்சியது எதுவும் இல்லை.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து நடந்து வரும்போது, எப்படித் தொடங்கியதென்றே தெரியாமல் நானும் சலீமும் காட்டு வம்சத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். முன்னே போன ரெஜினா திரும்பிப் பார்க்கவும் வெட்கப்பட்டு நிறுத்தினோம். "ஏன் நிப்பாட்டினீங்கள்? கதையுங்கோ" என்றார். வீடு வரும்வரை கதைத்தோம்.

கந்தோரில் என் முன்னால் ஒவ்வொரு நாளும் காணிச் சண்டைகள் வருகின்றன. இன்னார் குடும்பம் அந்தக் காலத்தில் இன்னதைச் செய்தது என்று சொல்லிக்கொண்டுதான் சனம் கதிரையில் இருக்கும். முன்பு நான் தலையாட்டிவிடுவேன். இப்போது, "எழுத்தில ஏதும் இருக்கோ? முழுக்க வாசிச்சனீங்களோ?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். கிளமென்றிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. இன்னொன்றும் உண்டு: அவர் சொல்ல வேண்டாம் என்ற அந்தச் சொல்லை அதன் பின் நான் ஒருவரையும் பார்த்துச் சொன்னதில்லை, காது நீண்டவர்கள் உட்பட.